வடக்கே போனால் திருத்தணும்

அந்த மனிதருக்கு ஆபீஸில் ‘வட்டம்’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். வட்டம் என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்டால் முன்பெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்வார். இப்போது யாரும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறார்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நிலையத்தில் அவருக்கு வேலை. அதற்காக அவர் விமானம் ஓட்டுவார் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறியதே இரண்டு தடவை. இரண்டு தடவையும் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவர். அவர் வேலை சிமுலேட்டரில். பெரிய கூடத்துக்குள் ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற வெள்ளைப் பெட்டி அது. உள்ளே போனால் நிஜ விமானத்தில் விமானி உட்காரும் முன்னறை அப்படியே இருக்கும், ஜன்னலுக்கு வெளியே மட்டும் கம்ப்யூட்டர் காட்டுகிற வானம். அந்த முன்னறைத் திரைகளில் பூமியின் படத்தைப் போட்டு, அதன்மேல் விமானம் போகிற பாதையை வரைவதுதான் இவர் இருபத்தாறு வருஷமாகச் செய்துவருவது.

இதில் என்ன பெரிய வித்தை என்று அவர் மனைவியே கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைக்கிறவள். “பூமி உருண்டை, திரை தட்டை. உருண்டையைத் தட்டையில உக்காரவைக்கணும்” என்று இவர் சொன்னதும் அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

“அட, இதானா? தட்டைத் துணி தோள்ல உக்காரணும்னா எங்கயாவது மடிச்சுப் பிடிச்சாகணும். நீங்க எங்க பிடிச்சீங்க?”

“நான் எங்கயும் பிடிக்கல. மேலயும் கீழயும் இழுத்து விட்டுட்டேன். அதான் வடக்கே இருக்கிற தீவெல்லாம் படத்துல பூதம் மாதிரி பெருசா தெரியும்.”

“இழுத்துத் தைச்சா ஒருநாள் அங்கதான் கிழியும்” என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அது நடந்து இருபத்தைந்து வருஷம் இருக்கும்.

அந்தக் காலத்தில் அவர் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? பக்கத்து அறையில் செயற்கைக்கோள் சுற்றுவதைக் காட்ட ஒரு திரை உண்டு. பூமியைச் சுற்றி வளையம் மாதிரி போகிற பாதை, தட்டைப் படத்தில் வளைந்து வளைந்து அலை போல வரும். வலது ஓரத்தில் வெளியே போனால் இடது ஓரத்தில் உள்ளே வரவேண்டும். இவர் எழுதிய முதல் புரோகிராம், வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரையின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிட்டது. பார்க்க வந்த ஒருவர், “என்ன சார், உங்க செயற்கைக்கோள் வீட்டைப் பூட்டினமான்னு பாக்கத் திரும்பி ஓடுதா?” என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கோட்டை ஒழித்துக்கட்டிய பிறகுதான் குளித்தார். ஒரு தப்பு என்றால் அப்படித் துடித்த ஆள். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் உங்களுக்கே வயிறு எரியும்.

வட்டத்துக்கு வருகிறேன். விமானத்தில் முக்கியமான கணக்கெல்லாம் போட ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அது கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்காகக் கீழே ஓரமாக ஒரு சின்னத் திரை, மாற்றுப் படம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்னத் திரையில் இவர் ஒரு பச்சை வட்டத்தைக் கொண்டுவந்தார். மீதி இருக்கிற எண்ணெயில் விமானம் எதுவரை போகும் என்று காட்டுகிற வட்டம் அது. விமான நிலையம் வட்டத்துக்குள் இருந்தால் எட்டும், வெளியே இருந்தால் எட்டாது. சின்னக் குழந்தைக்கும் புரியும். பயிற்சிக்கு வந்தவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பேரும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

ஆனால் அந்த வட்டம் நிலநடுக்கோட்டுப் பக்கத்துக்கு மட்டும்தான் சரி. வடக்கே போகப் போகப் படம் இழுபடுகிறது அல்லவா, அப்படியென்றால் வட்டமும் கூடவே பெரிதாக வேண்டும். ரொம்ப வடக்கே போனால் இரண்டு மடங்கு ஆகவேண்டும். இவர் வட்டமோ எங்கே போனாலும் அதே அளவு. அதாவது அங்கே அது நிஜத்தில் பாதியைத்தான் காட்டும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அப்போது பயிற்சிப் பாதை எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தது, வடக்கே போகிற சோலியே இல்லை. அதனால் புரோகிராமில் அந்த இடத்துக்கு மேலே தனக்கென்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டார்: ‘வடக்கே போனால் திருத்தணும்.’ இருபது நிமிஷ வேலை. அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டார். அந்த அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் இன்னமும் பாப்பாதான், வயசு இருபத்துமூன்று. அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அப்பா அச்சடித்துக் கொடுத்த தட்டைப் பூமி ஒட்டியிருக்கும். நாலு மூலையிலும் பசை உதிர்ந்து மறுபடி மறுபடி ஒட்டியது. எழுத்துக் கூட்டிப் படிக்குமுன்பே அதில் விரலால் விமானம் ஓட்டியவள். “அப்பா படத்துல இருக்குன்னா இருக்கும்” என்று பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சண்டை போட்டு வெளியே நின்றிருக்கிறாள். இவருக்கு அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வாயெல்லாம் பல்.

விமானம் ஓட்டத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, அதே நிலையத்தில் சேர்ந்தாள். கடைசிப் பரீட்சை சிமுலேட்டரில். மூன்று வாய்ப்பு, மூன்றிலும் போனால் வேறெங்கேயும் எழுத முடியாது, ஜென்மத்துக்கும் முடிந்தது. முதல் தடவை குறுக்குக் காற்றில் இறக்கும்போது சக்கரம் ஓடுபாதையை விட்டு விலகியது. இரண்டாம் தடவை பயத்தில் ஒரு விசையைப் போட மறந்தாள். மூன்றாவதுக்கு முன்னால் நாலு மாசம் ஆட்டம்பாட்டம் இல்லை, சினிமா இல்லை, தோழி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மிஷின் சத்தத்தின் நடுவே உட்கார்ந்து படித்தாள். சாப்பிடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் சிமுலேட்டருக்குப் ‘பூட்டு’ விழும். அது அங்கே உள்ள வழக்கம். அந்தப் பத்து நாளும் யாரும் எதையும் மாற்றக் கூடாது, ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் தலைமைப் பயிற்சியாளருக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். அந்தத் தலைமைப் பயிற்சியாளருக்கு ‘மீசை’ என்று பேர். மீசையை எடுத்துப் பத்து வருஷமாகிறது, பேரை எடுக்க ஆளில்லை. இன்னொரு விதியும் இருந்தது. மகள் பரீட்சை எழுதுவதால், பரீட்சையைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டேன் என்று வட்டத்திடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள். எந்தப் பகுதியின் படத்தை ஏற்ற வேண்டும் என்று ஒட்டிய உறையில் சீட்டு வரும். பிரித்தார். வடக்கு. இதுவரை யாருக்கும் கொடுக்காத புதுப் பாதை, பனிக்கடலுக்குப் பக்கத்தில். படத்தை ஏற்றினார். சின்னத் திரையில் பச்சை வட்டம் வந்து உட்கார்ந்தது, பூதம் மாதிரி விரிந்த கடலின் நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு.

எழுதிக் கேட்டிருக்கலாம். ஒரு தாள், நாலு வரி. ‘பன்னிரண்டு வருஷமாக ஒரு தப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது திருத்த அனுமதி வேண்டும்.’ தாளைக்கூட எடுத்து வைத்தார் மனுஷன். பேனா மூடியைக் கழற்றினார். பன்னிரண்டு வருஷமா ஏன்யா சொல்லல என்று மீசை கேட்பாரே, வட்டம் வட்டம் என்று கூப்பிட்ட வாயெல்லாம் என்ன சொல்லும்? பெரிய கம்ப்யூட்டர் இருக்கும்போது சின்னத் திரையை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படியே பார்த்தாலும் பாப்பா கையால் கணக்குப் போடாமல் விடுவாளா, அவள் கெட்டிக்காரி. இப்படியெல்லாம் தனக்குத்தானே பூசி மெழுகி, பேனாவை மூடிவிட்டார். அடப்பாவி மனுஷா! ஒரு கோடு குறுக்கே ஓடினதுக்கு மூன்று நாள் பட்டினி கிடந்தவன்தானே நீ!

அன்று சாயங்காலம் மகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். “என்னப்பா, முகம் ஒருமாதிரி இருக்கு? என்னைவிட நீங்க பயப்படறீங்க போலிருக்கே” என்று சிரித்தாள். “ஒண்ணுமில்லடா, தலைவலி” என்றார். எழுதிக் கொடுத்த வாக்கு நல்ல சாக்காக இருந்தது.

மறுநாள் அவரை நிலையத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு மகள் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

“போச்சும்மா” என்றாள்.

அம்மாதான் மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினாள். ஒரு இன்ஜின் போய்விட்டது, எண்ணெய் ஒழுகியது, பெரிய கம்ப்யூட்டரையும் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது சின்னத் திரையும், தாளும் பென்சிலும். முன்னால் ஒரு விமான நிலையம் இருந்தது, எட்டாது என்று நினைத்தாள். எண்ணெய் தீர்ந்து கல் மாதிரி விழுவதைவிட, மிச்ச இன்ஜின் ஓடும்போதே ஒரு தீவோரமாகத் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று முடிவெடுத்தாள். பதற்றமே இல்லாமல் அழகாக இறக்கினாள். பெட்டியை விட்டு வெளியே வந்ததும் பரீட்சைக்காரர் சொன்னாராம், “அருமையா இறக்கினீங்கம்மா. ஆனா அந்த ஏர்போர்ட் எட்டியிருக்கும். எண்ணெய் தாராளமா இருந்துச்சு. நூத்திநாப்பது பேரைப் பனித்தண்ணியில இறக்கிட்டீங்களே.”

வட்டம் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்றார்.

அடுத்த நாலு நாள் அந்த வீட்டில் மிஷின் ஓடவில்லை. மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அவர் ஒட்டிய அதே படத்தைப் பார்த்து. கூப்பிட்டால் எழுந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், மறுபடி படுத்தாள். அழுதிருந்தாலாவது பரவாயில்லை. ஐந்தாம் நாள் காலையில் மனைவி இவர் முன்னால் வந்து நின்றாள்.

“பரீட்சை எழுதினது அவ. நீங்க ஏன் அஞ்சு நாளா திருடனாட்டம் முழிக்கிறீங்க?”

அவர் மென்று முழுங்கினார். முழுங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை, கத்தவில்லை. கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். “போய்ச் சொல்லிட்டு வாங்க. அங்க சொல்லிட்டு, அவகிட்டயும் சொல்லுங்க. சொல்லாம வீட்டுக்குள்ள வராதீங்க” என்றாள்.

மீசை முழுசும் கேட்டார். நாற்காலியில் சாய்ந்து, இல்லாத மீசையைத் தடவினார்.

“ஏன்யா வட்டம், ஒரு சீட்டு எழுதியிருந்தா நானே கூட உக்காந்து திருத்தியிருப்பேனே. இருபது நிமிஷம்யா.”

“தெரியும் சார்.”

“உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம். பொண்ணு விஷயத்துக்கு வழி இருக்கு. கருவி தப்பா காட்டுச்சுன்னா அந்தப் பரீட்சை செல்லாது. ஆனா ஏழு நாளுக்குள்ள அவங்களே எழுதிக் கேக்கணும். ‘வட்டத்தைப் பார்த்து முடிவெடுத்தேன்’னு கையெழுத்துப் போடணும். இன்னிக்கு அஞ்சாம் நாள். நாளன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள வந்தா, மறுபடி உக்கார வைக்கிறேன்.”

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவருக்கு. படிவத்தை வாங்கி மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வேலை போனாலும் போகட்டும், கடைசிவரை வாசல் பெருக்கிப் பிழைத்தாலும் சரி, பாப்பா எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். வட்டம் தப்பு என்றார், படம் இழுபடுவதைச் சொன்னார், பாதிதான் காட்டும் என்றார். படிவத்தைப் போர்வைமேல் வைத்தார். மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க எப்பப்பா கண்டுபிடிச்சீங்க? நான் வந்து சொன்னப்பவா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“முந்தின நாளே தெரியும்டா.”

“தலைவலின்னு சொன்னீங்களே, அன்னிக்கா?”

“ஆமா.”

அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். “நான் கணக்குப் போட்டேன்பா. கையால, தாள்ல. முந்நூத்தி இருபது மைல் போகும்னு வந்துச்சு. ஏர்போர்ட் எரநூத்தி அறுபதுலதான் இருந்துச்சு. எட்டும்னுதான் கணக்கு சொல்லுச்சு.”

“அப்புறம் ஏம்மா...”

“திரையைப் பார்த்தேன். ஏர்போர்ட் வட்டத்துக்கு வெளிய இருந்துச்சு. ரெண்டாந்தடவையும் போட்டேன், அதே முந்நூத்தி இருபது. எங்கயோ தப்பு பண்றேன்னு நினைச்சேன். அப்பா வட்டம் தப்பாவா காட்டும்? என் கணக்கை அடிச்சிட்டேன். அந்தத் தாள் அவங்ககிட்ட இருக்கு, போய்ப் பாருங்க. ரெண்டு கோடு போட்டு அடிச்சிருப்பேன்.”

அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “கையெழுத்துப் போடுடா. மறுபடி எழுதினா கண்ணை மூடிக்கிட்டு பாஸ் ஆயிடுவ” என்றார்.

“ஆயிடுவேன். அப்புறம் நெஜமா மேல போகணுமே. சரியா வந்த கணக்கை நானே அடிச்சேன், அதனால என்னை நம்ப முடியாது. இனிமே உங்களையும் நம்ப முடியாது. எதை நம்பிப்பா நூத்திநாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறது?”

படிவத்தை மடக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். கோபமாகக் கொடுத்திருந்தால் அவர் கெஞ்சியிருப்பார்.

ஆறாம் நாள் அம்மா கெஞ்சினாள், அழுதாள், இரண்டு வார்த்தை கடிந்தும் பேசினாள். ஏழாம் நாள் படிவம் மிஷின் மேஜையில் கத்திரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. வட்டம் பேனாவைப் பக்கத்தில் வைத்தார், திறந்தே வைத்தார். மூன்று மணியானது, நாலானது. பஸ் பிடிக்க இதுதான் கடைசி நேரம் என்று நாலேகாலுக்கு ஒருமுறை சொன்னார். மகள் எழுந்து வந்தாள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிப்பதை மூன்று பேரும் மூன்று இடத்திலிருந்து கேட்டார்கள்.

அவர் வேலை போகவில்லை. அவரை விட்டால் அந்தப் படங்களைத் தொட ஆளில்லை என்று, கண்டித்து ஒரு கடிதம் கொடுத்ததோடு மீசை முடித்துக்கொண்டார். விசாரணை முடிந்து பூட்டு திறந்த அன்று வட்டம் தன் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் தேடி எடுத்தார். ‘வடக்கே போனால் திருத்தணும்.’ அதை அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார். பனிக்கடல் படத்தை மறுபடி ஏற்றி, பாப்பாவின் விமானம் எங்கே இருந்ததோ அங்கேயே விமானத்தை வைத்தார், அதே எண்ணெயை வைத்தார். பச்சை வட்டம் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு விரிந்தது. விமான நிலையம் நன்றாக உள்ளே வந்துவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அதுதான் அவள் வேலை. அவர் அவள் எதிரே நின்றார்.

“அந்த வட்டத்தைச் சரி பண்ணிட்டேன்மா.”

அவள் ஊசியை நிறுத்தினாள். “எவ்வளவு நேரம் ஆச்சு?”

நாள் முழுக்க ஆயிற்று என்று சொல்ல வாய்வரை வந்தது. மனைவியைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

“இருபது நிமிஷம்.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பொத்தானை எடுத்தாள்.